எல்லோரிடமும் இருக்கும் கிருமி

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்கள்: "புகையிலை ஏதும் போடுவாங்களா தம்பி?" தொண்டைப் புற்றுநோய் என்றால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அக்காவுக்கு எந்தப் பழக்கமும் இருந்ததில்லை. அதனால் நடந்ததை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

தொட்டியத்தில் வாழை விவசாயம் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அப்பா காலமானதும் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். திருமணமாகி ஸ்ரீரங்கத்தில் குடியேறிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. எல்லாப் புடவைகளையும் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் சிரித்துத்தான் பேசுவார்.

முதலில் இடது காது அடைத்தது. கடையில் ஒரு நிறம் கேட்டால் வேறொன்றை எடுத்து விரித்தார். சொட்டு மருந்து விட்டோம். சளியில் ரத்தம் கலந்து வந்தது. உடல் சூடு என்று இருந்துவிட்டோம். கழுத்தில் வலியில்லாத கட்டி எழும்பிய பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் புற்றுநோய் என்றார்கள். எச்சில் வழியாகப் பரவும் ஒரு வைரஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றும், சதைப் பரிசோதனையில் அது தெரிகிறது என்றும் மருத்துவர் விளக்கினார்.

அன்றே அக்கா தன் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அம்மாவின் தட்டில் கைவைக்காமல் சாப்பாடு இறங்காது. "இதுல கை வைக்காதடி, தள்ளி உக்காரு" என்றார். அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, அக்காவின் கணவர், எங்கள் மாமா, இதைச் சொன்னார். மருத்துவர் அம்மையார் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அந்த வைரஸ் எனக்கும் இருக்கும், இவருக்கும் இருக்கும்மா. கிட்டத்தட்ட எல்லாருக்குமே வந்து உடம்புலயே தங்கிடும். உங்ககிட்டருந்து பொண்ணுக்குப் புற்றுநோய் ஒட்டாது. ஒண்ணா சாப்பிடுங்க."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?"

"ரொம்பச் சிலருக்குத்தான் இப்படி ஆகுது. ஏன் அவங்களுக்குன்னு எங்களுக்கும் முழுசா தெரியலம்மா."

காவிரிப் பாலம் தாண்டி வீடு சேர்ந்ததும் அக்கா மகளைக் கூப்பிட்டு, தன் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

கதிர்வீச்சு சிகிச்சையில் அக்காவுக்கு எச்சில் வற்றி ருசியும் போயிற்று. ரசம் சாதம் பிசைந்து மகளுக்கு ஒரு வாய் ஊட்டி, "உப்பு இருக்கான்னு நீயே சொல்லு" என்பார்.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கடைக்கும் போய்வந்தார். பிறகு முதுகுவலி வந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. கடைசி நாட்களில், "நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று மாமாவிடம் கேட்பார். மாமா அவர் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருப்பார். ஆடி மாதம் ஒரு காலையில், எங்கள் எல்லோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அக்கா போய்விட்டார்.

சிகிச்சை அளித்தவர்களுக்கும், வேலையை அவருக்காக வைத்திருந்த கடைக்காரருக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காதடைப்பு நீடித்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, தள்ளிப்போடாமல் காட்டுங்கள். முன்பே கூட்டிவந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். "வாய்ப்பு கூடியிருக்கும். பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்க" என்றார். உங்களிடம் சொல்ல எனக்கும் அதற்கு மேல் எதுவும் இல்லை.