எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டேன்

1. டெலிவரிக்கு நடுவில் வந்த போன்

அன்று திண்டிவனத்தில் சுள்ளென்று வெயில். எங்கள் ஷோரூமில் ஒரு புது வண்டிக்குப் பூஜை முடித்து, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். சாவியைக் கொடுக்கப் போகிற நேரத்தில் தனசேகர் போன் செய்தார். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு போடுகிற விவசாயி. ஆறு மாதம் முன்பு என்னிடம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்தவர். குரலில் பதற்றம்.

"சார், அண்ணனைப் பாம்பு கடிச்சிட்டுது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். தரைப்பாலத்து மேல தண்ணி வந்துட்டுது. உள்ள எறக்கலாமா, ஹைவே பக்கமா சுத்திக்கினு போவட்டுமா?"

"எவ்ளோ உயரம் சார்?"

"ஒருத்தர் எறங்கி கொம்பு வச்சிப் பாத்தாரு. முட்டிக்கு மேல நாலு விரக்கடை."

"தாராளமா போலாம் சார். ஃபோர் லோ போட்டுக்கங்க. ஃபர்ஸ்ட் கியர்ல ஒரே சீரா போங்க. நடுவுல கிளட்ச்ச மிதிக்காதீங்க."

ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம். சுற்றிப் போனால் அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். போனை வைத்ததும் எனக்குள் ஒரு பெருமை. பக்கத்தில் நின்ற புது கஸ்டமரிடம், இந்த மாதிரி நேரத்துக்குத்தான் சார் இந்த வண்டி என்று சொல்லவும் செய்தேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

2. எங்கள் சிமென்ட் தொட்டி

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வண்டிக்கும் இவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று ஒரு அளவு உண்டு. எங்கள் வண்டிக்கு இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேல். என்ஜின் காற்றை இழுக்கும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் அந்த அளவு. அதற்குள் தண்ணீர் போய்விட்டால் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் காலி.

எங்கள் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் அதைக் காட்டுவதற்கென்றே ஒரு சிமென்ட் தொட்டி கட்டியிருந்தோம். சரிவாக இறங்கி, சரிவாக ஏறும். அந்த அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் சிவப்புக் கோடு போட்டிருந்தோம். டெலிவரி அன்று குடும்பத்தோடு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நான்தான் அதில் இறக்குவேன். பெண்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள், வெளியே நின்று யாராவது வீடியோ எடுப்பார்கள். பிறகு கஸ்டமரை இறக்கி நிறுத்தி, அவர் தொடையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, இது வரைக்கும் கவலையே வேண்டாம் என்பேன். தனசேகருக்கும் அப்படித்தான் காட்டினேன். அவருடைய அண்ணன் ஏழுமலை அன்று பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார், வாய் நிறையச் சிரிப்போடு.

எத்தனையோ முறை அந்தத் தொட்டியில் இறங்கி ஏறியிருக்கிறேன். தொட்டித் தண்ணீர் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. தண்ணீர் என்றால் உயரம், உயரம் என்றால் சிவப்புக் கோடு என்று என் மண்டையில் ஏறிப்போயிருந்தது. அதனால்தான், தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று போனில் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

3. ஈரம் படாத ஃபில்டர்

அது ஓடுகிற தண்ணீர். எங்கோ மேலே பெய்த மழை, பெண்ணையாற்றுக்குப் போகும் ஓடையில் வேகமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. பாதிப் பாலம் வரை வண்டி ஒழுங்காகப் போனதாம். அப்புறம் பின்பக்கம் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. கதவெல்லாம் மூடிய வண்டியை அந்த உயரத்துத் தண்ணீர் கொஞ்சம் தூக்கிவிடும். டயருக்குப் பிடி குறைந்துவிடும். அப்போது ஓட்டம் தள்ளினால், எத்தனை வீல் டிரைவாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டி ஓரத்துத் தடுப்புக் கல்லில் மோதி மாட்டிக்கொண்டது.

ஊர்க்காரர்கள் கயிறு கட்டி எல்லோரையும் மீட்டார்கள். ஆனால் போக வேண்டிய கரைக்கல்ல, வந்த கரைக்கே. அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. வேறு வண்டி பிடித்து, முதலிலேயே போயிருக்க வேண்டிய சுற்றுவழியில் போனார்கள். ஏழுமலை வழியிலேயே இறந்துவிட்டார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

வண்டி எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. நானே பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். பேப்பரில் ஈரமே இல்லை. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. கதவில் சேறு படிந்த கோடு, நான் தொட்டுக் காட்டிய உயரத்துக்குக் கீழேதான் இருந்தது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் நம் வண்டி தாங்கியிருக்கிறது பாருங்கள் என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

4. காரியத்தன்று

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போதே முடிவு செய்திருந்தேன். தனசேகர் என்னை அழைத்துப்போய் ஏழுமலையின் மனைவி முன் நிறுத்தினார்.

"இவருதான் அண்ணி, நான் போன் பண்ணேன்ல, அந்த சார். சரியாத்தான் சொன்னாரு. அவரு சொன்ன அளவுக்கு மேல தண்ணி ஏறவே இல்ல. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்றார். வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியதுதான். சொல்லவில்லை. கம்பெனி பெயர் கெடும், இந்த நேரத்தில் எதற்கு என்று மனசு எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டே இருந்தது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு அந்தத் தொட்டியை மூடச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போட்டேன். மூடவில்லை, ஆனால் நான் அதில் இறங்குவதை விட்டுவிட்டேன். பிள்ளைகளே, எவ்வளவு ஆழம் போகலாம் என்று யார் கேட்டாலும், தண்ணீர் ஓடுகிறதா, கீழே ரோடு இருக்கிறதா, வேறு வழி உண்டா என்று கேட்ட பிறகே உயரத்துக்கு வாருங்கள். ஓடுகிற தண்ணீர் என்றால் அளவே சொல்லாதீர்கள், திரும்பச் சொல்லுங்கள்.

தனசேகர் அந்த வண்டியை விற்றுவிட்டார். அதற்கப்புறம் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். வெளியூர் போவதென்றால் பஸ்தானாம். நான் சொன்னபடி, ஒரு பிசகும் இல்லாமல் ஓட்டிய மனிதர் அவர். இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.