ஜாபர் போட்ட நாலு ஓட்டை

திருமுடிவாக்கம் பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓட்டும் ஜாபருக்கு வாரத்தில் ஆறு நாள் பெயரே கிடையாது. முதலாளிக்கு அவன் "ஏய்"தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், தாம்பரம் துளசிங்கத்தின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும்போது, மைக்கில் அவன் பெயரைச் சொல்வார்கள். அந்த இடம் போனால் அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

கிட்டார் துளசிங்கத்துடையது. கம்பிகளை மேலிருந்தே, அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்புத் துளைகளில் கோத்து மாட்டுகிற ரகம். முதுகுப்பக்கமிருந்து கட்டைக்குள் விட்டு இழுத்தால் சத்தம் நின்று பேசும் என்று யாரோ சொல்ல, எண்பத்தொன்பதில் ஜாபர் அதைப் பட்டறைக்குத் தூக்கிப்போய் நாலு ஓட்டை போட்டுவிட்டான். கேட்கவில்லை. கேட்டால் விடுவாரா?

"யாரைக் கேட்டுடா போட்டே, கஸ்மாலம்!" துளசிங்கம் விட்ட குத்தில் ஒரு பல் தெறித்தது.

ஜாபர் கை ஓங்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சவுண்டைக் கேளுண்ணா, அப்பால அடி" என்றான்.

கேட்டார். "நல்லாத்தான் கீது" என்று முனகினார். பல் போனதே ஜாபருக்கு வலிக்கவில்லை.

அடுத்த மாதம் குன்றத்தூர் அடிவாரத்தில் பகல் கச்சேரி. பேஸில் தொடங்கும் பாட்டு. முதல் அடியிலேயே தடித்த கம்பி, பிரிட்ஜில் மடங்கிய இடத்தில் அறுந்தது. மாற்றுக் கம்பியோ பழைய முறைக்கு வெட்டி வைத்தது. முதுகு வழியாக விட்டால் முறுக்காணிக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. இதை யோசிக்காமல் ஓட்டை போட்ட மடையனை என்ன சொல்ல!

கூட்டம் ஊளையிட்டது. செருப்பு வந்தது, பிறகு கல். டிரம்ஸ் ஏசுபாதத்தின் நெற்றி பிளந்தது. துளசிங்கம் மேடையிலேயே ஜாபரை விலாவில் உதைத்தார். ஜாபர் கிட்டாரை அணைத்தபடி குப்புற விழுந்தான். முதுகில் ஒரு நாற்காலி விழுந்து உடைந்தது. படுத்தபடியே கம்பியைப் பழைய துளையில் கோத்து முறுக்கினான். எழுந்து வாசித்தான். கல் எறிந்தவர்களே ஆட ஆரம்பித்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் துளசிங்கம் அவன் தோளில் கைபோட்டார்.

"பழைய வழியாவா மாட்டுனே?"

"ஆமாண்ணா."

"ரெண்டு சவுண்டும் ஒண்ணுதான்டா. அன்னிக்கு உன் பல்லு போச்சேன்னுதான் நல்லா கீதுன்னேன்."

அத்தனை அடிக்கும் கை ஓங்காத ஜாபர், அந்தச் சொல்லுக்கு அவர் மூக்கை உடைத்தான். விழுந்தவரை மேலும் மேலும் குத்தினான். ஐந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அவர் இப்போது சொன்னது பொய்யாக இருந்தால் விட்டிருப்பான். வாசிக்கும்போது அவன் காதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதன்பின் எந்த மேடையிலும் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை.