சினை, அடுத்து!

என் தங்கை புருஷனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். பெண் கேட்டு வந்தபோது "ஆராய்ச்சி நிலையத்துல வேலை" என்றார்கள். நாங்கள் ராக்கெட் என்று நினைத்துக்கொண்டோம். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, பசுவின் பின்பக்கம் தோள் வரைக்கும் கைவிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி என்று. தெருவில் அவரை 'மாட்டு டாக்டர்' என்பார்கள். அவரும் சளைக்காமல், "டாக்டர் இல்லீங்க, உதவியாளர்" என்று திருத்துவார். மாப்பிள்ளை என்பதால்தான் 'அவர்' போடுகிறேன்.

எனக்குப் பஞ்சர் கடை. ஒருமுறை அந்த நிலையத்து டிராக்டருக்கு டயர் மாற்றப் போனபோது அவர் வேலையை நேரில் பார்த்தேன். கருத்தரித்த பசுக்களில் சிலவற்றுக்கு ஆரம்பத்திலேயே கரு ஏன் கரைந்துபோகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. ரத்தம் எடுக்கிறார்கள், பாலில் ஹார்மோன் அளக்கிறார்கள், ஸ்கேன் செய்கிறார்கள். ஸ்கேன் நம் ஆள் பொறுப்பு. கம்பித் தடுப்புக்குள் பசு நிற்கும். நீளமான பிளாஸ்டிக் உறை மாட்டிய கையில் ஸ்கேன் கருவியைப் பிடித்து உள்ளே விட்டு, தன் கழுத்தில் தொங்குகிற சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். கருவின் இதயம் துடிப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். பார்த்துவிட்டால் கொட்டகையே அதிர, "சினை, அடுத்து!" என்பார். ஒன்றும் இல்லையென்றால், "காலி, அடுத்து!" அந்த 'அடுத்து' கதவு திறக்கிறவனுக்கு. அவன் திறப்பான், பசு போகும், அடுத்தது வரும். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. என் தங்கைக்கும் இரண்டு முறை கரு தங்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மற்றவர்கள் பிள்ளைகளையெல்லாம் அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே வயிறு எரியும். ஊருக்கெல்லாம் மாடு பார்க்கிறவன் வீட்டில் இப்படியா என்று தெருவில் பேசினார்கள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரி வராந்தாவில், "என்ன மாப்பிள்ளை ஆச்சு?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலி, மச்சான்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என் தங்கச்சி என்ன தண்ணி டேங்க்கா?" என்று கத்திவிட்டு வந்தவன்தான், அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மனுஷன் வண்டி பஞ்சரானால்கூட வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். அந்த ஆத்திரம் வேறு.

மூன்றாவது முறை தங்கை போன் செய்தாள். "அண்ணே, நாளைக்கு ஸ்கேன். நீயும் வா. இந்தத் தடவையும் இல்லன்னா அவரு தாங்கமாட்டாரு."

"தாங்கட்டும்" என்றேன். மறுநாள் அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்றேன்.

ஸ்கேன் அறையில் பச்சைத் திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் அவள், அவர், டாக்டரம்மா. இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் நான். சீலைக்குக் கீழே மாப்பிள்ளையின் செருப்பு மட்டும் தெரிந்தது. நன்றாகத்தான் கழுவியிருந்தார், ஆனாலும் ஓரத்தில் சாணம். கொட்டகையில் நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றிருந்தார்.

டாக்டரம்மா பேசவில்லை. மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பேசாததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவர் வாயைத் திறக்கவில்லையே என்றுதான் பயந்தேன். பார்த்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாரே! போயிற்று, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். வாயைத் திறய்யா, எந்த எழவு வார்த்தையாவது சொல்லித் தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"சினை!"

வெளியே யாரோ எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. நான் அந்த 'அடுத்து'வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதில் வால்வு பிடுங்கின டியூப் மாதிரி ஒரு சத்தம். அழுதுகொண்டிருந்தார்.

"சார், மனுஷங்களுக்கு அப்படிச் சொல்றதில்ல" என்றாள் டாக்டரம்மா.

"நான் என்ன பசுவா?" என்றாள் தங்கை. அடுத்த மூச்சில் அவளும் உடைந்துவிட்டாள். "துடிக்குதா? நல்லாப் பாத்தீங்களா?"

"துடிக்குது. நல்லாத் துடிக்குது."

நான் சீலையை விலக்கி ஸ்டூலை உள்ளே தள்ளினேன். "உக்காருங்க மாப்பிள்ளை" என்றேன். அத்தனை நாள் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் உட்காரவில்லை. ஒரு கையால் தங்கையின் கையையும் இன்னொரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு ஸ்கேன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த நர்ஸ் வெளியே பார்த்து, "அடுத்து!" என்று கூப்பிட்டாள்.

மூன்று பேரும் நகரவில்லை.

"கொஞ்சம் இரும்மா" என்றேன்.