கட்டில்காரரின் செயலி

கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டில்காரர், அவ்வளவுதான். நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம் என்று எல்லாவற்றையும் வாடகைக்கு விடும் கடை அது. வேனில் ஏற்றிக்கொண்டு போய், மாடிப்படி வளைவுகளில் சுவரைக் கீறாமல் தூக்கி, அறையில் பொருத்தி, தலைமாட்டை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு வருவது அவர் வேலை. பாதி வாழ்க்கை அதிலேயே போயிற்று. ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததும் கட்டிலை எப்படிப் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். படுத்திருப்பவர் கண்ணுக்கு வாசல் தெரிய வேண்டும். யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்த நாட்களில் அவர்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

பிறகு முதுகு மக்கர் செய்தது. இனிமேல் எடை தூக்கினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முதலாளியம்மாவுக்கு அவரை வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அலுவலக அறையில் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். நிரல் எழுதத் தெரியாதவர்கள்கூடச் சொந்தமாகச் செயலி செய்துகொள்ளலாம் என்ற ஒரு மென்பொருளை அவர் அப்போதுதான் வாங்கியிருந்தார். திரையில் பெட்டிகளை இழுத்துப் போட வேண்டும், எதற்குப் பின் எது நடக்க வேண்டும் என்று அம்புக்குறியால் இணைக்க வேண்டும், அவ்வளவே.

"நீங்களா?" என்றாள் மனைவி. "டிவியில சத்தத்தைக் குறைக்கச் சொன்னா சேனலை மாத்துற ஆளு நீங்க."

"இது கட்டில் மாட்டுற மாதிரிதான். அதது அந்தந்த ஓட்டையில உக்காரணும். மிச்சம் ஸ்க்ரூ ஒண்ணு கையில நின்னுச்சுன்னா எங்கேயோ தப்புன்னு அர்த்தம்."

அப்படித்தான் கற்றுக்கொண்டார். கட்டில்களுக்கு ஒரு அட்டவணை, வீடுகளுக்கு ஒன்று, படுத்திருப்பவர்களுக்கு ஒன்று. மூன்றையும் இணைத்தால் எந்தக் கட்டில் எந்த வீட்டில் யாருக்கு என்று திரை சொன்னது. மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனில் ஒரு செய்தி தானாகப் போகும். அதற்குக் கீழே 'தொடரும்', 'எடுத்துச் செல்லலாம்' என்று இரண்டு பட்டன்கள். அழுத்துகிற பதில் தானாக அட்டவணையில் வந்து உட்காரும். முதலாளியம்மாவின் போனில் வண்ணப் பட்டைகளுடன் ரிப்போர்ட் விரியும்.

முதல் முறை அனுப்பியபோது பெயர்ப் பெட்டியை இணைக்க மறந்துவிட்டார். எல்லா வீட்டுக்கும் 'வணக்கம். பெயர் இப்போது எப்படி இருக்கிறார்?' என்று போய்விட்டது. அன்று முழுக்க போன் ஓயவில்லை. "பெயர் நல்லா இருக்காருங்க, சாப்பிட்டாரு, தூங்குறாரு. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று ஒரு வீட்டில் விசாரித்தார்கள். வேன் ஓட்டும் பையன் ஒரு வாரத்துக்கு அவரைக் கண்டாலே, "பெயர் அண்ணே, சௌக்கியமா?" என்றான். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. காலித் தெருவில்கூட ஒலி எழுப்பாமல் அவன் வண்டி ஓட்ட மாட்டான் என்பதால் எல்லாருக்கும் அவன் ஹாரன்.

பிழையைச் சரிசெய்த பிறகு செயலி ஒழுங்காக ஓடியது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை கட்டில்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கட்டிலின் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். கட்டில் தேவைப்படுகிறதா என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். இப்போது அந்த நடை தேவைப்படவில்லை. புதிதாக வந்த மோட்டார்களுக்கு எண்ணெயும் தேவைப்படவில்லை. டீசல் மிச்சம் என்று முதலாளியம்மாவுக்கு மகிழ்ச்சி. கட்டில்காரருக்கும் பெருமைதான். ஆனால் மாதத் தொடக்கத்தில் மட்டும், எங்கோ போகக் கிளம்பி மறந்து நின்றுவிட்டவர் மாதிரி, கடை வாசலில் சற்று நேரம் நிற்பார்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் எதிர்ப்புற மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் சாலையைக் கடந்து வந்தாள். அவளுடைய அப்பா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

"அண்ணே, நாளைக்கு அப்பாவை வீட்டுக்கு அனுப்புறாங்க. தலைமாடு ஏத்துற கட்டில் வேணுமாம். படுக்க வச்சே ஊட்டுனா புரையேறிடும்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. வீட்டுல இருக்கிறது தரையில விரிக்கிற பாய் மட்டும்தான்."

"மோட்டார் கட்டில் எல்லாமே வெளியில இருக்கும்மா."

"ஒண்ணுகூட இல்லையா?"

"பார்க்கிறேன். நீ கடைக்குப் போ. சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

சொல்லிவிட்டாரே தவிர, எங்கே பார்ப்பது? உள்ளே வந்து ரிப்போர்ட்டைத் திறந்தார். எல்லாப் பட்டைகளும் பச்சை. எல்லா வீட்டிலும் 'தொடரும்'. அதிக நாளாகக் கட்டில் வைத்திருக்கும் வீடு மேலே வரும்படி அவரே அமைத்திருந்தார். முதல் வரிசையில் இருந்தது ஆற்றுப்பாலத்துக்கு அப்பால் ஒரு பெரியவர் வீடு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கூடவே படுக்கையாகிவிட்ட மனைவி, வேறு யாருமில்லை. இந்த வீட்டுக்கு நன்றி சொல்லி ஏதாவது பரிசு அனுப்பலாம் என்று போன மாதம்தான் முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

கட்டில்காரரின் கண் பதில் வந்த நேரத்தில் போய் நின்றது. செய்தி போன அதே நிமிடத்தில் பதில். போன மாதமும் அப்படி. அதற்கு முந்தைய மாதமும். மற்ற வீடுகளில் சாயங்காலம் வரும், மறுநாள் வரும், சில சமயம் இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எப்போதும் ஒரு கையில் கிண்ணமோ ஈரத்துணியோ இருக்கும். செய்தி வந்த நொடியில் போனை எடுக்க அவருக்கு எங்கே கை இருக்கிறது?

முதுகுக்குக் கச்சையைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

"எங்கே அண்ணே கிளம்பிட்டீங்க? அம்மா பார்த்தா என்னைத் தொலைச்சிருவாங்க" என்றான் ஹாரன்.

"தூக்கப் போகலைடா. பேசப் போறேன். ஓட்டு."

பெரியவர் கதவைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாப்பா. ரொம்ப நாளா ஆளையே காணோம்."

"மோட்டாரைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேங்கய்யா."

அறைக்குள் கட்டில் அவர் போட்ட இடத்திலேயே இருந்தது. தலைமாடு பாதி உயர்ந்திருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல், நான்கு மூலையிலும் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. மருந்து வாசனை இல்லை. பக்கத்து ஸ்டூலில் டம்ளர் இல்லை, துண்டு இல்லை. ஆள் படுக்காத கட்டிலை அவரால் ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியும். வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெரியவரும் மழுப்பவில்லை. "மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா" என்றார். "உக்காரு. நிக்காதே, உனக்கு முதுகு சரியில்லைன்னு அவகூடச் சொல்வா."

இரண்டு பேரும் கட்டிலில் உட்காரவில்லை. எதிரெதிரே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"தெரியாம போச்சுங்கய்யா. முன்ன மாதிரி வந்திருந்தா..."

"நீ வரலைன்னா என்ன, உன் மெசேஜ் வந்துச்சே." பெரியவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. அவ போனதும் ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கினேன். பேங்க்ல அவ பேரை எடுத்தாங்க. கேஸ் கனெக்‌ஷன்ல எடுத்தாங்க. ஓட்டுப் பட்டியல்ல எடுத்தாங்க. தப்பு சொல்லல, அவங்க வேலை அது. சொந்தக்காரங்களும் என்கிட்ட அவ பேச்சை எடுக்கிறதில்ல, எனக்குக் கஷ்டமா இருக்கும்னு. மாசம் பொறந்தா உன் கடை மட்டும் அவ பேரைச் சொல்லி, எப்படி இருக்காங்கன்னு கேக்குது."

கட்டில்காரர் தரையைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை எழுதியவர் அவர்தான். வாடகை மட்டும் கேட்டால் நன்றாக இருக்காது என்று, வீட்டுக்குள் நுழைந்ததும் தான் வழக்கமாகக் கேட்பதைத்தான் அப்படியே எழுதியிருந்தார்.

"எடுத்துச் செல்லலாம்னு அழுத்தினா அடுத்த மாசம் அது வராதில்ல?" என்றார் பெரியவர்.

"வராதுங்கய்யா."

"அதான்."

சரி, அப்படியே இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிடத்தான் கட்டில்காரருக்கு ஆசை. ஆனால் கடைக்கு எதிர்ப்புறம் ஒரு பெண் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டே கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் நினைவில் இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார். பக்கவாதம், நாளைக்கு வீட்டுக்கு வருகிறார், தரைதான் இருக்கிறது, ஊட்டினால் புரையேறும்.

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஹாரன் தேவையே இல்லாமல் ஒருமுறை ஒலி எழுப்பினான்.

"உன் டிரைவரா?"

"ஆமாங்க."

"வண்டி நிக்கும்போது யாருக்கு அடிக்கிறான்?"

"பழக்கதோஷங்கய்யா."

பெரியவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. பிறகு கேட்டார்: "கட்டிலை எடுத்தா, உன் கம்ப்யூட்டர்ல அவ பேரையும் எடுத்துருவியா?"

கட்டில்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் போனில் செயலியைத் திறந்தார். "இதைப் பாருங்க. நான் செஞ்சது. இதுல அழிக்கிறதுக்குன்னு பட்டனே வைக்கல. கைதவறி எதையாவது அழிச்சிருவேன்னு எனக்குப் பயம். கட்டில் திரும்பி வந்துச்சுன்னா, வந்துச்சுன்னு குறிச்சுப்பேன். பேரு அங்கேயேதான் இருக்கும்."

திரையில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, கட்டில் பொருத்திய அன்று அந்த அம்மா சொன்னதெல்லாம் கட்டில்காரர் நினைவிலிருந்து எழுதிய வார்த்தைகளில் இருந்தது. தலை கிழக்குப் பக்கம் வேண்டாம், வெயில் கண்ணில் அடிக்கிறதாம். ரிமோட் இடது கைப்பக்கம். மோட்டார் சத்தம் பஸ் மேட்டில் ஏறுவது மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். "இதை என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். "என் வண்டியைக் கிண்டல் பண்ணியிருக்கா."

"அன்னிக்கு நீங்க பால் வாங்கப் போயிருந்தீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு தடவை அனுப்புறியா? இந்த மாசத்து மெசேஜை. போன தடவை படிக்காமலே அழுத்திட்டேன்."

அதற்கு வழி இருந்தது. அந்த ஒரு வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்து கட்டில்காரர் மீண்டும் அனுப்பினார். பெரியவரின் கையில் போன் அதிர்ந்தது. இந்த முறை அவர் அவசரப்படவில்லை. பெயரை வாய்விட்டுப் படித்தார். எப்படி இருக்கிறார் என்ற கேள்வியையும் படித்தார். "நல்லா இருக்காப்பா" என்றார் மெல்ல, போனைப் பார்த்து. கட்டில்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஹாரன்கூட அந்த நேரம் சும்மா இருந்தான். பிறகு பெரியவர் ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டாவது பட்டனை அழுத்தினார்.

விரிப்பை அவரே எடுத்து மடித்தார். ஹாரனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் கட்டிலைப் பிரித்துத் தூக்கினார்கள். உதவ நீண்ட கட்டில்காரரின் கையைப் பெரியவர் தட்டிவிட்டார். சந்து குறுகலானது. வேனைப் பின்னால் எடுக்க வழிகாட்டத் தெருவில் இறங்கிய பெரியவர், கையைக் காற்றில் வீசி, "வா, வா, ஸ்டீயரிங்கை ஒடி, இன்னும் ஒடி, போதும்" என்று அதட்டினார். "கண்ணாடியைப் பாருடா. ஹாரனை அப்புறம் அடிக்கலாம்." வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக, ஹாரன் சத்தமே போடாமல் ஒரு சந்தை விட்டு வெளியே வந்தான்.

மறுநாள் மருந்துக்கடைப் பெண்ணின் அப்பாவுக்கு, வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைப் போடச் சொன்னார் கட்டில்காரர். தலைமாடு ஏறியது. அவள் ஊட்டிய முதல் கரண்டி கஞ்சி புரையேறாமல் உள்ளே போனது.

அந்த வாரம் முழுக்க அவர் செயலியோடு மல்லுக்கட்டினார். இரண்டு பட்டன்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை வைத்தார்: 'வந்து பேசுங்கள்'. செய்தி போன நிமிடமே பதில் வருகிற வீடுகள் மஞ்சளாகத் தெரியும்படி ஒரு விதியும் சேர்த்தார். கட்டில் திரும்பிவிட்ட வீடுகளுக்கு மாதமொரு மஞ்சள் தானாக விழும்.

மாதம் பிறந்தது. முதலாளியம்மா போனைத் தூக்கிக்கொண்டு அலுவலக அறைக்கு வந்தார்.

"கட்டில்காரரே, பச்சை தெரியுது, சிவப்பு தெரியுது. இதென்ன புதுசா மஞ்சள்?"

"அங்கெல்லாம் ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வரணும்மா."

"கட்டிலே இல்லாத வீடுங்ககூட இருக்கே. பாலத்துக்கு அந்தப் பக்கம், அந்த பஸ் டிரைவர் வீடு."

"ஆமாம்மா. அங்கதான் முதல்ல."

"யாரு போறது?"

"நான்தான்."

"உங்க முதுகு?"

"உக்காந்து பேசுறதுக்கு முதுகு எதுக்கும்மா."

முதலாளியம்மா திரையைப் பார்த்தார். டீசல் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டார். கட்டில்காரர் வேனில் ஏறப் போனபோது, முன்சீட்டில் சாய்ந்துகொள்ள வாகாக, உறை மாற்றிய ஒரு தலையணை கிடந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்?" என்று ஹாரன் வண்டியைக் கிளப்பினான்.