லாரிப் பாதையில் கொடும்பாவி

எங்கள் ஊரில் மழை பெய்யாததற்கு என் அத்தைதான் காரணம் என்று ஒரு வருஷம் முடிவு செய்தார்கள். அத்தைக்கு வானம் வரைக்கும் செல்வாக்கு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சி வருஷங்களில் ஒன்று அது. வைப்பாறு எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறேன், பிறந்ததிலிருந்து அந்த வருஷம் வரை நான் பார்த்ததெல்லாம் மணல்தான். மணலில் குழி தோண்டினால் ஊற்று சுரக்கும், சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். முன்பு முழங்கை ஆழத்தில் கிடைத்த தண்ணீருக்கு அந்த வருஷம் ஆளே குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது. போன ஐப்பசி பொய்த்தது. இந்த ஐப்பசியும் முக்கால்வாசி போய்விட்டது.

ஊரில் பாதிப் பேர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். மழை பெய்தால் வெடி காயாது, அவர்களுக்கு வேலை கிடையாது. பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. எந்த வேண்டுதலைக் கேட்பது என்று சாமியே குழம்பியிருக்கும். தீபாவளி சீசன் நல்லபடியாக முடிந்த பிறகுதான் ஊருக்கு மழை ஞாபகம் வந்தது. கொடும்பாவி இழுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள்.

ஊரில் யாரோ செய்த பாவத்தால்தான் மழை நின்றுபோகிறது என்பது கணக்கு. அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, சேலை சுற்றி, பிணம்போல் தெருத் தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஊர் எல்லையில் கொண்டுபோய்க் கொளுத்தினால் மழை வரும்.

அதற்கு அத்தையின் சேலையைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர், இரண்டு மணல் லாரிக்குச் சொந்தக்காரர். இத்தனை வீடு இருக்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உள்ளே ஓடி, அத்தையின் நீலச் சுங்குடிச் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“ஊருல அம்புட்டுப் பொம்பளைக இருக்கையில எஞ்சேல எதுக்குண்ணே?”

“ஒனக்கே தெரியும் தாயி.”

புருஷனின் அடி பொறுக்காமல், தாலியைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர் அத்தை. கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகிச் சம்பாதித்தார். பெரியப்பா சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

“எனக்குத் தெரியலயே. ஆத்து மணல அள்ளி வித்தது நானா? ஒங்க வேட்டியக் குடுங்க, அளவெடுத்த மாதிரி பொருந்தும்.”

அப்பா, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். எங்களிடம் மாடு கிடையாது.

கடைசியில் ஒரு கிழிந்த சாக்கைச் சுற்றினார்கள். பாவி ஆணா பெண்ணா என்றே தெரியாமல் போயிற்று. ஊர்வலத்தன்று கயிற்றின் முன்முனையைக் கேட்காமலே போய்ப் பிடித்துக்கொண்டவர் அத்தைதான். எங்கள் ஊர் வழக்கப்படி இழுப்பது பெண்கள் வேலை, அதனால் யாரும் தடுக்கவில்லை. தெருக்கோடியில் எல்லைப் பக்கம் திரும்ப வேண்டிய கூட்டத்தை அத்தை ஆற்றுப் பக்கம் திருப்பினார். ஆண்கள் கத்தினார்கள். பெண்கள் ஒப்பாரியைக் கூட்டினார்களே தவிர, ஒருத்தியும் நிற்கவில்லை. எல்லாருடைய ஊற்றும் அந்த லாரிகளால் வற்றியவைதானே! ஆற்றுக்குள் லாரி இறங்கும் பாதையில், இரண்டு சக்கரத் தடத்துக்கும் குறுக்காகக் கொடும்பாவியைக் கிடத்திவிட்டு அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

லோடு ஏற்றிக்கொண்டு மேலே வந்த லாரி நின்றது. டிரைவர் வெளியூர்ப் பையன்.

“அக்கா, அதக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.”

“நீயே எடு தம்பி. பாவி யாரோ, அவந்தான் தொட்டு எடுக்கணும்.”

நீட்டிய கையை அவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். பிணத்தின் மேல் வண்டி ஏற்றவும் அவனுக்குத் துணிச்சல் இல்லை. அப்படியே பின்னால் நகர்த்தி ஆற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

பெரியப்பா பைக்கில் வந்து இறங்கினார். “ஏலே, தூக்கிப் போடுங்கலே!” என்று லோடு ஆட்களை விரட்டினார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரே இரண்டு எட்டு முன்னால் வந்தார். ஒப்பாரி நின்றது. அத்தனை பெண்களும் அவர் குனிகிறாரா என்று பார்த்தார்கள். அவர் குனியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அப்ப மழை வராதா அத்தை?” என்று கேட்டேன். எல்லையில் கொளுத்தாமல் விட்டுவிட்டோமே என்பது என் கவலை.

“மழை நம்ம சொன்னாவா வருது? வர்றப்ப வரட்டும். வந்தா எறங்கித் தங்குறதுக்கு மணல் வேணும்ல.”

மறுநாளிலிருந்து பெண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அத்தை கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே ஆற்றுக்குத்தான் வருவார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு லாரிகள் மேற்கே வேறு ஊர்ப்பக்கம் போய்விட்டன. அந்த ஊரில் இப்படி ஒரு அத்தை இல்லை போலும்.

கடல் சூடாகிறது, அதனால்தான் மழை நாள் தப்பிப் பெய்கிறது, ஆறு காய்வதும் அடித்துக்கொண்டு வருவதும் அதனால்தான், உலகமே விடுகிற புகைதான் காரணம் என்று இப்போது டிவியில் படம் போட்டு விளக்குகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை பெரிய உலகத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையைத் தேடி வந்தார்களே, பாவிகள்!

மழை கார்த்திகையில் வந்தது. வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. செம்மண் நிறத்தில் ஆறு பொங்கி வந்து கொடும்பாவியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த வெள்ளம் சீக்கிரமே வடிந்தாலும், மணல் மிஞ்சிய எங்கள் துறையில் கோடை வரை ஊற்றுக்குப் பஞ்சமில்லை. அன்று அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கரை முழுக்கச் சனம். பெண்கள் குலவை போட்டார்கள். “பாத்தீகளா, நாம செஞ்ச காரியம் பலிச்சிருச்சு” என்று பெரியப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக் குதித்தேன். “அத்தை, ஒங்க பாவம் போயிருச்சு!”

அத்தை என்னைத் தன் பக்கம் திருப்பினார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“எனக்குப் பாவம்னு ஒண்ணு என்னைக்கும் இருந்ததில்லட்டி. இன்னொரு வருசமும் மழை தப்பும். அப்ப நீ பெரிய மனுசியா இருப்ப. ஓம்பேரச் சொல்லிக்கிட்டு வருவாக. ஒத்துக்கிராத.”

சரி என்று தலையாட்டினேன். யார் வருவார்கள், எதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன், எனக்கு அந்த அவசரம்.