பாறையில் படுத்திருந்தவர்கள்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்று எஹலியகொடையில் சொந்தப் பால் பண்ணை. இரண்டு லொறி ஓடுகிறது. நடையைப் பார்த்தே மாட்டின் மனதைச் சொல்லிவிடுவேன். மாட்டு டாக்டர் மாத்தையாவே என்னைக் கேட்டுத்தான் ஊசி போடுவார். அப்படிப்பட்ட எனக்கே, எட்டு வயதில், ஒரு பசுவின் நடை விளங்காமல் போனது.

என் மாமா, றப்பர்த் தோட்டத்துத் துரையின் மாடுகளை மேய்த்தார். ஒருநாள் மத்தியானம் சினைப்பசு ஒன்றைக் காணவில்லை. மாலைக்குள் பட்டிக்கு வராவிட்டால் துரை வேலைப் பதிவிலிருந்து அவர் பெயரை வெட்டிவிடுவார். பெயர் போனால் நாங்கள் குடியிருந்த லயத்து அறையும் போகும். அத்தை அடுப்பு மூட்டாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கூப்பிட்டா வந்துரும், நானும் வாரேன் மாமா" என்றேன்.

"ஆமா, ஒனக்குத்தான் அது பதில் சொல்லும். வாடி பெரிய மனுசி" என்று கயிற்றை என் தோளில் போட்டார்.

மழை விட்டிருந்தது. றப்பர் மரங்களுக்குள் பகலிலேயே இருட்டு. காட்டோரம் போனதும் தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. குடைபோலக் கவிந்த பாறைக்கடியில் பசு நின்றது. காலடியில் ஈரம் காயாத கன்று.

பாறை முழுக்கக் கரியிலும் சுண்ணாம்பிலும் படங்கள். மூட்டை சுமந்து வரிசையாக மனிதர்கள், நடுநடுவே எருதுகள். கடைசியில் கம்போடு ஒருவர், திரும்பிப் பார்த்தபடி.

"அது என் பூட்டன்" என்றார் மாமா. "கோப்பிக் காலத்துல கங்காணி இந்தியாவுலருந்து நடத்திக் கூட்டியாந்த சனத்தோட மாடு ஓட்டியாந்தவரு. இங்கயும் மாடுதான் மேய்ச்சாரு. சாகுற வரைக்கும் இந்த ஒரு வரிசையத்தான் வரைஞ்சாராம்."

வரிசைக்குக் கீழே சிலர் படுத்திருந்தார்கள். நடப்பவர்களுக்கு முகமே இல்லை. இவர்களுக்கு மட்டும் கண், மூக்கு, ஒருத்திக்கு மூக்குத்திகூட.

"இவுங்க ஏன் படுத்திருக்காங்க?"

"நடந்து வந்து, இந்த எடத்துல களைச்சிட்டாங்க."

பாறைக்கு முன்னால் புல் முளைத்த சமதரை. பசுவை நேராக இழுத்தேன். அதில் அது கால் வைக்கவில்லை. ஓரமாக, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, லயத்து அறையில் தூங்குகிறவர்களை விலகி நடப்பதுபோலச் சுற்றி வந்தது. மாமா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே தடத்தில் வந்தார்.

"மெல்ல வா. மிதிச்சிராத."

கீழே பார்த்தேன். புல்தான் இருந்தது.

மாமாவின் பெயர் தப்பியது. பசுவைக் கண்டுபிடித்தது நான்தான் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மறுநாள் தனியாகவும் அங்கே போனேன், படுத்திருந்தவர்களில் யாராவது களைப்பாறி எழும்பி வரிசையில் சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்க.