முத்துக்குமாரு அண்ணையின் முதுகு

முப்பதுகளில் யாழ்ப்பாணத்துத் தெருக்களைப் படமாக அச்சடித்த தபாலட்டைகளை நீங்கள் பார்த்திருந்தால், முத்துக்குமாரு அண்ணையையும் பார்த்திருப்பீர்கள். கொக்குவிலில் பனைகளுக்கும் வேலிகளுக்கும் நடுவே நடந்து போகிறவர் அவர்தான். நீர்வேலி வாழைத்தோட்டத்து ஓரத்தில் நிற்கிறவரும், மயிலிட்டியில் காயும் வலைகளுக்கு நடுவே கடலைப் பார்த்து நிற்கிறவரும் அவரேதான். எல்லாவற்றிலும் முதுகு மட்டும்.

அவர் கொக்குவில் ஸ்டேஷனடியில் நின்ற மாட்டுவண்டில்காரர். ஆண்டுக்கொரு தடவை கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை கமராவும் முக்காலியுமாக வந்து இறங்குவார். அண்ணையின் வண்டில்தான் வேண்டும் என்பார். வேலியும் பனையும் நேர்நேராகக் கிடக்கிற தெருவில் ஓர் ஆள் நடந்தால்தான் உயிர் வரும், ஆனால் முகம் தெரிந்தால் எவனும் தெருவைப் பார்க்கமாட்டான் என்பது துரையின் கட்சி. அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல்: "நட. திரும்பாதே." அண்ணை ஆறடி ஆள், அகன்ற தோள். பிறந்ததே இந்த வேலைக்குத்தான் என்பதுபோல நடப்பார்.

துரையின் படங்களை எங்கள் படக்கடையில்தான் கழுவுவோம். அவற்றுக்கு நிறம் தீட்டுவது என் வேலை. கறுப்பு வெள்ளைப் படத்தில் எது என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? முதல் படத்தில் அண்ணையின் சால்வைக்கு நீலம் அடித்துவிட்டேன். அட்டையோடு கடைக்கே வந்துவிட்டார்.

"என்ரை சால்வைக்கு நீலம் அடிச்சவன் ஆர்?"

"நான்தான் அண்ணை. அப்ப உண்மையிலை என்ன நிறம்?"

தோளில் கிடந்ததை எடுத்துக் காட்டினார். வெள்ளையாக வாங்கியது. செம்மண் தெருவில் ஓடியோடி, எத்தனை தோய்ச்சலுக்கும் போகாத ஒரு மங்கல் ஏறியிருந்தது.

"உதை ஆர் பாப்பினம்? நல்ல சிவப்பா அடி."

அன்றிலிருந்து எட்டு வருடம் சிவப்புத்தான். அந்தப் புளுகுக்கு நானும் உடந்தை. "ஒருக்கா இருங்கோ அண்ணை, முகத்தை எடுப்பம்" என்று எத்தனையோ தரம் கேட்டேன். "முகம் எங்கை ஓடிப்போகுது? பிறகு பாப்பம்" என்று சிரித்துவிட்டு மாட்டைத் தட்டிவிடுவார்.

முப்பத்தெட்டாம் ஆண்டு மாசியில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

இருபதாம் நாள், கடையிலிருந்த படங்களையெல்லாம் கட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். வரச்சொல்லி ஆள் அனுப்பியது அவருடைய மனைவி சிவக்கொழுந்து அக்கா.

"முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வைக்க அவரின்ரை முகம் வேணும் தம்பி. உதுகளிலை ஒண்டிலையாவது திரும்பியிருக்கிறாரோ?"

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். மயிலிட்டிப் படத்தில் ஒரு காது கிடைத்தது. வேறொன்றுமில்லை. துரைமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்மேலும்தான், ஒருநாள் மறித்து வைத்து எடுத்திருக்கலாமே.

"அக்கா, முகத்தை நான் பென்சிலாலை கீறித் தாறன். சாயல் வரும்."

"நீ கீறினா அது வேறை ஆரின்ரையோ முகமாயிருக்கும்."

அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கொக்குவில் படத்தை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோயிலுக்குப் போனாலும் கலியாணத்துக்குப் போனாலும் முன்னாலை அவர், பின்னாலை நான். முப்பது வருசம் இந்த முதுகைப் பாத்துத்தானே நடந்தனான். இதையே பெரிசாக்கித் தா."

"ஓம் அக்கா. சால்வைக்குச் சிவப்புத்தானே?"

அக்கா எழுந்து உள்ளே போய், கொடியில் கிடந்த சால்வையை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

"இந்த நிறம். தோய்ச்சவள் எனக்குத் தெரியாதே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சால்வையைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நிறம் கலந்தேன். நாலு தரம் பிழைத்து, ஐந்தாம் தரம்தான் சரிவந்தது. முப்பத்தோராம் நாள் அந்த முதுகுக்குத்தான் மாலை போட்டார்கள்.